சொகுசு வானளாவிக் குடியிருப்பு வரப்போகிறதாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தின் நடுவில் அறுபது எழுபது மாடியில் ஒரு சொகுசுக் குடியிருப்பு வரப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், அக்கம்பக்கத்தில் அதே பேச்சாகிவிடும். சிலர் கொதிப்பார்கள், சிலர் "வரட்டுமே, ஊர் வளரட்டுமே" என்பார்கள், மிச்சப் பேருக்கு எந்தப் பக்கம் நிற்பதென்றே புரியாது. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை எடுத்து எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தோடு எனக்குச் சண்டை இல்லை, பணம் உள்ளவர்களோடும் சண்டை இல்லை. அந்தக் கட்டிடத்தால் யாருக்கு வெளிச்சமும் காற்றும் தண்ணீரும் குறைகிறது, அதற்கு ஈடாக ஊருக்கு என்ன கிடைக்கிறது, இதையெல்லாம் யார் எப்போது உட்கார்ந்து முடிவு செய்தார்கள், இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராமல் அனுமதி தரக் கூடாது என்பதுதான் என் வாதம்.

எதிர்ப்பவர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல்தானே?

அப்படிச் சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் உண்மை அப்படி இல்லை. 1987 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நூற்றுக்கணக்கானோர் கறுப்புக் குடைகளோடு வரிசையாக நின்றார்கள். பூங்காவின் மூலையில் கொலம்பஸ் சர்க்கிளில் வரவிருந்த பிரம்மாண்டக் கட்டிடத்தின் நிழல் பூங்காவுக்குள் எதுவரை விழும் என்பதை, ஒருவர் பின் ஒருவராகக் குடையை விரித்துக் காட்டினார்கள். அந்த எதிர்ப்பில் முன்னால் நின்றவர்களில், அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸும் ஒருவர். அவருக்கு யார் மீது பொறாமை வரப்போகிறது? அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கட்டிடத்துக்கான நில விற்பனையைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் அனுமதியை மாநகராட்சி காசுக்கு விற்பது போல ஒப்பந்தம் இருந்ததுதான் காரணம். பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் உயரம் குறைந்த, வேறு வடிவமைப்பில் கோபுரங்கள் வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் "பணக்காரனுக்கு ஏன் கட்டுகிறாய்" என்று கேட்கவில்லை. நிழல் எங்கே விழும் என்று அளந்து காட்டினார்கள். கேட்கிற விதம்தான் வழக்கின் பலம்.

நிழல் அவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான், அதோடு நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது. சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகையில் இருந்தால் நிழலின் நீளம் கட்டிடத்தின் உயரம்தான். 30 பாகைக்கு இறங்கினால் உயரத்தைப்போல் 1.7 மடங்கு, 15 பாகைக்கு வந்தால் 3.7 மடங்கு. அதாவது 300 மீட்டர் கோபுரம் ஒன்று காலையிலும் மாலையிலும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டி நிழல் வீசும். பில்டர் தரும் நிழல் வரைபடத்தைப் பார்க்கும்போது எந்த மாதம், எந்த மணி என்பதை முதலில் பாருங்கள். சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்துப் படத்தை மட்டும் காட்டினால் நிழல் கட்டிடத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சூரியன் தாழ்வாகப் போகும் மாதங்களில் காலை எட்டு மணி, மாலை நாலு மணிப் படங்களைக் கேளுங்கள். பள்ளி மைதானம், பூங்கா, முதியோர் இல்லம் எதன் மேல் அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கேளுங்கள்.

பில்டர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒல்லியான கோபுரத்தின் நிழல் ஓர் இடத்தில் வெகுநேரம் நிற்காது, நகர்ந்துவிடும். ஒரே ஒரு கோபுரம் என்றால் இதை ஒப்புக்கொள்ளலாம். அதே வரிசையில் அடுத்தடுத்து நாலைந்து வந்தால் ஒன்றின் நிழல் விலகும்போது இன்னொன்றின் நிழல் வந்து உட்காரும். ஆகவே அந்தப் பகுதியில் அனுமதி பெற்ற, அனுமதிக்குக் காத்திருக்கிற எல்லாக் கட்டிடங்களையும் சேர்த்துப் போட்ட படத்தைக் கேட்பதே சரி.

இது புதுப் பிரச்சினையும் கிடையாது. நியூயார்க்கில் 1915-ல் ஈக்விட்டபிள் கட்டிடம் 38 மாடிக்குத் தெருவிலிருந்து செங்குத்தாக எழுந்து பக்கத்துக் கட்டிடங்களை இருட்டாக்கியது. அந்தக் கூச்சல் அடுத்த ஆண்டே, 1916-ல், மேலே போகப் போகச் சுவர் உள்வாங்க வேண்டும் என்ற விதி வருவதற்கு ஒரு காரணம். சான்பிரான்சிஸ்கோவில் 1984-ல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு, பொதுப் பூங்காக்கள் மீது புதுக் கட்டிடங்களின் நிழல் விழுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஜப்பானில் 1976-ல் கட்டிடச் சட்டத்திலேயே நிழல் நேர வரம்பைச் சேர்த்தார்கள்.

காற்றுக்கும் உயரமான கட்டிடத்துக்கும் என்ன சம்பந்தம்?

தரைமட்டத்தை விட உயரத்தில் காற்று வேகமாக வீசும். அது அகலமான சுவரில் மோதினால் ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கி, தெருவில் வந்து முட்டி, மூலைகளில் வேகமெடுத்துத் திரும்பும். மேலே வீச வேண்டிய காற்றைக் கட்டிடம் நடைபாதைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் குடியிருப்பும் அலுவலகமும் சேர்ந்த பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்ற 32 மாடிக் கட்டிடத்தின் அடியில் 2011-ல் பலத்த காற்றில் லாரி ஒன்று கவிழ்ந்து, நடந்து போனவர் ஒருவர் இறந்தார். அதன்பிறகு பலத்த காற்று வீசும் நாட்களில் அந்தத் தெருவை மூட வேண்டி வந்தது, கடைசியில் காற்றைத் தடுக்கப் பெரிய தடுப்புகளைத் தெருவில் நிறுத்தினார்கள். கட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

முன்பே செய்ய வழி உண்டு. அடியில் அகலமான சில மாடிகளை வைத்து அதன்மேல் கோபுரத்தை உள்தள்ளி எழுப்பலாம், மூலைகளை மழுக்கலாம், வாசலுக்கு மேல் அகலமான கூரை நீட்டலாம். காற்றுச் சுரங்கச் சோதனை, அதாவது கட்டிடத்தின் மாதிரியை வைத்துக் காற்றை வீசிப் பார்ப்பது, என்றால் கட்டிடம் சாயாமல் நிற்குமா என்று மட்டும் பார்ப்பதில்லை. நடந்து போகிறவர் உயரத்தில் காற்று எப்படி இருக்கும் என்ற சோதனை தனி. இரண்டாவது அறிக்கையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், முதலாவதை நீட்டிவிட்டு வாயடைக்கப் பார்ப்பார்கள்.

கண்ணாடிச் சுவர் பக்கத்து வீட்டுக்காரரை என்ன செய்துவிடும்?

அமெரிக்காவின் டாலஸில் நாஷர் சிற்ப மையம் என்று ஓர் அருங்காட்சியகம். கட்டிடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைப்பில் 2003-ல் திறந்தது. இயற்கை வெளிச்சம் மட்டான அளவில் உள்ளே வரும்படி கூரையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். பிறகு பக்கத்தில் 42 மாடி மியூசியம் டவர் என்ற சொகுசுக் குடியிருப்பு வந்தது, அதன் கண்ணாடி வெயிலை அப்படியே திருப்பி அந்தக் கூரைமேல் அடித்தது. வெளிச்சம் வரக் கூடாத பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து, உள்ளே சுவரில் புள்ளி புள்ளியாய் விழுந்தது, தோட்டத்துச் செடிகள் வாடியதாகவும் அருங்காட்சியகம் புகார் சொன்னது. அருங்காட்சியகத்தின் அருகாமையைக் காட்டித்தான் அந்தக் கோபுரத்துக்கே பெயர் வைத்திருந்தார்கள் என்பது வேதனை. கண்ணாடி எத்தனை சதவீத வெளிச்சத்தைத் திருப்பும் என்ற எண் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்.

வீடுகள் கூடினால் வாடகை குறையும் என்கிறார்களே, அப்புறம் ஏன் எதிர்க்க வேண்டும்?

இதுதான் மொத்தச் சண்டையிலும் கனமான கேள்வி, இரண்டு தரப்புமே பாதியைத்தான் சொல்கின்றன.

வீடு கூடினால் நன்மை என்பது உண்மை. புது வீட்டுக்கு ஒருவர் குடிபோனால் அவர் இருந்த வீடு காலியாகிறது, அதற்கு இன்னொருவர் வருகிறார், அவர் விட்டதற்கு மூன்றாமவர் வருகிறார், இப்படிச் சங்கிலியாகக் கீழ்வரை போகும். ஹெல்சிங்கி நகரில் குடியிருப்புப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், நகர மையத்தில் சந்தை விலைக்கு 100 புது வீடுகள் வந்தால் வருமான வரிசையில் கீழ்ப்பாதியில் வரும் பகுதிகளில் ஏறத்தாழ 60 வீடுகள் காலியாகி மற்றவர்களுக்குக் கிடைக்கின்றன என்று கண்டார்கள். ஆகவே "பணக்காரர் வீடு கட்டினால் ஏழைக்கு எந்தப் பயனும் இல்லை" என்று மொட்டையாகப் பேசாதீர்கள், எதிர்த்தரப்பு இந்த ஆய்வை எடுத்து வைத்தால் பதில் இருக்காது.

ஆனால் அந்தச் சங்கிலி நகர மூன்று விஷயங்கள் வேண்டும். ஒன்று, புது வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும். லண்டனில் செயின்ட் ஜார்ஜ் வார்ஃப் டவர் என்ற 50 மாடிக் குடியிருப்பில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் வெளிநாட்டவர் கையில் இருந்ததும், பலவற்றில் நிரந்தரமாக யாரும் குடியிருக்காததும் 2016-ல் செய்தியானது. பூட்டிக் கிடக்கிற வீடு எந்தச் சங்கிலியையும் நகர்த்தாது.

இரண்டாவது, வீடுகளின் எண்ணிக்கை. உயரம் என்றால் நிறைய வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் டவர் 472 மீட்டர், உலகத்திலேயே உயரமான குடியிருப்புக் கட்டிடங்களில் ஒன்று. அதில் மொத்தமே 179 வீடுகள். சிட்னியின் ஓபல் டவர் 36 மாடிதான், அதில் 392 வீடுகள். மாடி எண்ணிக்கையைச் சொல்லி மயக்குகிற அறிவிப்பில் வீட்டு எண்ணிக்கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

மூன்றாவது, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது. காலி மனையிலோ ஓடாத ஆலையிலோ கட்டினால் ஒரு கணக்கு. குறைந்த வாடகைக்கு ஐம்பது குடும்பங்கள் இருந்த பழைய கட்டிடங்களை இடித்துவிட்டு நாற்பது பெரிய பிளாட் கட்டினால் ஊருக்குப் பத்து வீடு நஷ்டம். இதைச் சொல்ல எந்தப் பொருளாதார மேதையும் தேவையில்லை.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. கனடாவின் வான்கூவர் 2017-லிருந்து காலி வீட்டு வரி வசூலிக்கிறது. ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் வீட்டு மதிப்பில் ஒரு பங்கு வரி. 1 சதவீதத்தில் தொடங்கியது, பின்னால் 3 சதவீதம் ஆக்கினார்கள். அதில் வரும் பணம் குறைந்த விலை வீட்டுத் திட்டங்களுக்குப் போகிறது. கோபுரமே வேண்டாம் என்று கத்துவதை விட, இப்படி ஒரு வரியை ஊர் கேட்டு வாங்குவது எத்தனையோ மடங்கு பயனுள்ள கோரிக்கை என்பது என் எண்ணம். இந்தக் கோபுரத்துக்கு மட்டும் இல்லாமல் வரப்போகிற எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

"விதிக்கு உட்பட்டுத்தான் கட்டுகிறோம்" என்கிறார்கள். விதி இருக்கும்போது இவ்வளவு உயரம் எப்படிப் போகிறார்கள்?

பல ஊர்களில் உயரத்துக்கு நேரடி வரம்பு இருக்காது, மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற விகிதம்தான் இருக்கும். அந்த விகிதத்துக்குள் நின்றுகொண்டே உயரத்தைக் கூட்டப் பல வழிகள் உண்டு. பக்கத்து மனைக்காரர் கட்டாமல் விட்ட பங்கை விலைக்கு வாங்கித் தன் மனையில் சேர்க்கலாம். பொதுமக்களுக்குத் திறந்தவெளி தருகிறேன் என்று சொல்லி, கூடுதல் தளம் கட்ட ஊக்கப் பங்கு வாங்கலாம். இன்னொன்று, மோட்டார், குழாய் வைக்கும் மாடிகள் கணக்கில் வராது என்பதால் அந்த மாடிகளைத் தேவைக்கு மேல் உயரமாக வைத்து வீடுகளை மேலே தூக்கலாம், மேலே போனால்தானே விலை ஏறும். நியூயார்க்கில் இது எல்லை மீறிப் போனதால் 2019-ல் விதியையே மாற்றினார்கள், குடியிருப்புக் கோபுரத்தில் 25 அடிக்கு மேல் உயரமான வெற்று இயந்திர மாடியும் தளக் கணக்கில் சேரும்.

அதே ஊரில் 200 ஆம்ஸ்டர்டாம் அவென்யூ என்ற 52 மாடிக் குடியிருப்புக்காக, அக்கம்பக்கத்து நிலத் துண்டுகளை ஒட்டவைத்து 39 பக்கங்கள் கொண்ட ஒரு மனையை உருவாக்கினார்கள். 2020 பிப்ரவரியில் ஒரு நீதிபதி அது செல்லாது, மேல் மாடிகளை இடியுங்கள் என்றார். 2021-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு தள்ளுபடியானது, கட்டிடம் முழுசாக நிற்கிறது. கட்டி முடித்த பிறகு நீதிமன்றத்தை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதை விட நல்ல பாடம் தெரியவில்லை எனக்கு.

அப்படியானால் கட்டிய பிறகு ஒன்றுமே செய்ய முடியாதா?

முடியும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. நொய்டாவில் எமரால்டு கோர்ட் குடியிருப்புக்காரர்களுக்கு வீடு விற்கும்போது வளாகத்தில் தோட்டம் என்று காட்டிய இடத்தில், சூப்பர்டெக் நிறுவனம் பிறகு இரண்டு கோபுரங்களை எழுப்பியது. கட்டிடங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியும் விடப்படவில்லை, ஏற்கெனவே குடியிருப்பவர்களின் சம்மதமும் வாங்கவில்லை. குடியிருப்போர் சங்கம் சொந்தக் காசைத் திரட்டி 2012-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனது. 2014-ல் இடிக்க உத்தரவு வந்தது, நிறுவனம் மேல்முறையீடு செய்தது, 2021 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து அதிகாரிகளும் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து செய்த வேலை என்று கடிந்துகொண்டது. 2022 ஆகஸ்ட் 28-ல் சுமார் 3,700 கிலோ வெடிமருந்து வைத்து, ஏறத்தாழ நூறு மீட்டர் உயரமுள்ள இரண்டையும் சில விநாடிகளில் தரைமட்டமாக்கினார்கள்.

நியாயம் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் பத்து ஆண்டு அலைச்சல், அந்தக் கோபுரங்களில் பணம் போட்டவர்களின் தவிப்பு, மலையாய்க் குவிந்த இடிபாடு, ஊரெல்லாம் தூசி, இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். திட்ட வரைபடம் காகிதமாக இருக்கும்போதே ஓர் அதிகாரி "இடைவெளி போதாது" என்று எழுதியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

இப்படிப்பட்ட கோபுரத்தில் வீடு வாங்குகிறவர்களுக்கு என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது?

நிறைய வருகிறது. நியூயார்க்கில் 432 பார்க் அவென்யூ 426 மீட்டர் உயரம், ஒரு பக்க அகலம் வெறும் 28 மீட்டர்தான். அவ்வளவு ஒல்லியான கட்டிடம் காற்றில் அசையும், அசைவைக் குறைக்கக் காற்று ஊடுருவிப் போகும்படி இடையிடையே திறந்த மாடிகள் வைத்திருக்கிறார்கள். அப்படியும் 2021-ல் குடியிருப்போர் தரப்பு வழக்குப் போட்டது. தண்ணீர்க் கசிவு, லிஃப்ட் பாதியில் நின்றுபோவது, காற்று வீசும்போது கிறீச்சென்ற சத்தம் என்று 1,500-க்கு மேற்பட்ட குறைகளைப் பட்டியலிட்டார்கள். சான்பிரான்சிஸ்கோவின் 58 மாடி மில்லேனியம் டவர் 2009-ல் திறந்தது, அதன் பைல்கள், அதாவது தரைக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்கள், அடிப்பாறை வரை போகவில்லை. கட்டிடம் 16 அங்குலம் இறங்கி ஒரு பக்கமாய்ச் சாய்கிறது என்ற செய்தி 2016-ல் வெளியே வந்தபோது விலை கொடுத்து வாங்கியவர்கள் திகைத்துப்போனார்கள். துபாயின் டார்ச் டவர் 2015-லும் 2017-லும் இரண்டு முறை வெளிப்பூச்சுத் தகடுகளில் தீப்பிடித்து எரிந்தது, உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பினார்கள்.

ஆகவே அடித்தளம் எதுவரை போகிறது, வெளிப்புறத் தகடு எந்தப் பொருள், தீயணைப்பு ஏணி எட்டாத உயரத்தில் இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று நீங்கள் கேட்கிற கேள்வி அங்கே குடிவரப் போகிறவர்களுக்காகவும்தான். எதிர்ப்பவர்கள் இதைச் சொல்லிக் கேட்டால் எதிரில் இருக்கிறவர்களின் தொனியே மாறுவதைப் பார்க்கலாம்.

பொதுமக்களுக்குப் பூங்காவும் திறந்த சதுக்கமும் தருவதாக வாக்குக் கொடுக்கிறார்களே?

எழுத்தில் வாங்குங்கள். எத்தனை சதுர மீட்டர், எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை இருக்கை, கழிப்பறை உண்டா, யார் பராமரிப்பு, மூடினால் என்ன அபராதம், எல்லாம். நியூயார்க்கில் கூடுதல் மாடி வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாகத் தந்த பொதுவெளிகள் முந்நூறுக்கு மேல் உண்டு. 2017-ல் மாநகரத் தணிக்கை செய்தபோது அவற்றில் பாதிக்கு மேல் சொன்னபடி வசதி தரவில்லை என்று தெரிந்தது. மாடி நிலைத்துவிட்டது, பெஞ்சு காணாமல் போய்விட்டது. யாராவது ஒருவர் ஆண்டுதோறும் போய்ப் பார்த்து எழுதுவார் என்ற ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே இல்லாவிட்டால் அந்த வாக்கை நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

குறைந்த விலை வீடுகளும் அதே கட்டிடத்தில் வருகிறதாம். நல்லதுதானே?

நல்லதுதான், வாசல் எது என்று பாருங்கள். வரிச் சலுகைக்காகச் சில குறைந்த வாடகை வீடுகளைச் சேர்த்துவிட்டு அவர்களுக்குப் பின்பக்கத்தில் தனி வாசல் வைக்கும் வழக்கம் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தது, 2014 வாக்கில் அது பெரிய கொந்தளிப்பானது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் சலுகை பெறும் கட்டிடங்களில் அதைத் தடை செய்தார்கள். தனி வாசலைப் போலத்தான் இதுவும்: ஒரே முகவரியில் இருக்கிற குழந்தைகளில் பாதிப் பேர் விளையாட்டு இடத்துக்குள் நுழையக் கூடாது என்று கதவைச் சாத்துவது எனக்கு எந்தக் கணக்கிலும் சரியாகப் படவில்லை.

ஊரின் அழகு கெடுகிறது என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். ரசனை ஆளுக்கு ஆள் மாறும், காலத்துக்கும் மாறும். பாரிஸில் ஈபிள் கோபுரத்தை எதிர்த்துக் கலைஞர்கள் 1887-ல் கூட்டறிக்கை விட்டார்கள், இன்று அது இல்லாத பாரிஸை யாரும் நினைப்பதில்லை. அதே பாரிஸில் 1973-ல் முடிந்த 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரத்தை ஊர் ஏற்கவேயில்லை, 1977-ல் 37 மீட்டர் வரம்பு கொண்டுவந்தார்கள், நடுவில் தளர்த்தி 2023-ல் மறுபடி இறுக்கினார்கள்.

காட்சியைக் காக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே வரைபடத்தில் கோடு போட வேண்டும். வான்கூவரில் 1989-லிருந்து மலைகளும் கடலும் தெரிகிற பார்வைப் பாதைகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள், அந்தப் பாதைக்குள் தலை நீட்டக் கூடாது. எல்லோருக்கும் ஒரே விதி, கட்டுகிறவருக்கும் முதல் நாளே தெரியும்.

ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறைய வீடுகள் வந்தால் ஊர் வயல்வெளி வரை பரவாது. சொத்து வரி வரும், வேலை வரும். ஏற்கெனவே வசதியாகக் குடியிருப்பவர்கள் "எங்களுக்குப் பிறகு யாரும் வரக் கூடாது" என்கிற மனதோடு எதிர்ப்பதும் உண்டு, நகரத்து இளைஞர்களுக்கு அதில் வருகிற கோபம் நியாயமான கோபம். என் வருத்தம் வேறு. இந்த நியாயங்கள் எல்லாம் பத்துப் பதினைந்து மாடியில் நெருக்கமாகக் கட்டுகிற நடுத்தர விலைக் குடியிருப்புக்குத்தான் முழுசாகப் பொருந்தும். அவற்றைக் கடன் வாங்கி, மாடிக்கு ஒரே ஒரு வீடு உள்ள கோபுரத்துக்குச் சொல்லும்போதுதான் நான் மறுக்கிறேன்.

கோபுரம் வந்தபிறகு அக்கம்பக்கத்து வாழ்க்கை மாறுமா?

மாறும், யாரும் எதிர்பார்க்காத விதத்தில். லண்டனில் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பத்தாம் மாடியில் ஊரை நாலாப் பக்கமும் பார்க்க ஒரு திறந்த மாடம் வைத்திருந்தார்கள். எதிரே நியோ பேங்க்சைடு என்ற கண்ணாடிச் சுவர்க் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள், பார்வையாளர்கள் எங்கள் வரவேற்பறைக்குள் பார்க்கிறார்கள் என்று வழக்குப் போட்டு, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் உங்கள் தெருவில் சந்தையோ விளையாட்டு மைதானமோ இசை அரங்கோ இருந்தால், பின்னால் குடிவருகிறவர்கள் அதன் சத்தத்துக்கு எதிராக மனுக் கொடுக்கும் நாள் வரலாம். ஒலியைத் தடுக்கும் பொறுப்பு புதிதாகக் கட்டுகிறவருடையது என்று அனுமதி நிபந்தனையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஆட்சேபக் கடிதத்தை எப்படி எழுதுவது?

ஒரே கடிதத்தை நகலெடுத்து ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டால் பல இடங்களில் ஒரே ஆட்சேபமாகத்தான் பார்ப்பார்கள். உங்கள் வீடு எங்கே, எந்த ஜன்னல், எந்த நேரத்து வெளிச்சம், வெயில் காலத்தில் குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, சாக்கடை எந்த மழைக்குப் பொங்கியது, ஆம்புலன்ஸ் எந்த முனையில் திரும்ப முடியாமல் நின்றது, இதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். விண்ணப்பத்தின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, அங்கே சொன்னதற்கும் நேரில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுங்கள். கடைசியில் என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்: நிராகரிக்கவா, பத்து மாடி குறைக்கவா, வாசலை வேறு தெருவுக்கு மாற்றவா. வேண்டியதைச் சொல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு அதிகாரி ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, விளம்பரப் படத்தை நம்பி எழுதாதீர்கள். அதில் எப்போதும் வானம் நீலமாகவும் தெரு காலியாகவும் மரங்கள் இருபது வயதோடும் இருக்கும். பக்கவாட்டு வரைபடத்தையும் அடித்தள வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எதிர்த்து என்ன பயன், கடைசியில் கட்டத்தானே போகிறார்கள்?

பல முறை கட்டுவார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜப்பானின் குனிதாச்சியில் 2024-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். பத்து மாடிக் குடியிருப்பு ஒன்று கிட்டத்தட்ட முடிந்து, வீடுகளை ஒப்படைக்கச் சில வாரங்களே இருந்தன. அது அந்தத் தெருவிலிருந்து தெரிகிற ஃபுஜி மலையை மறைக்கிறது என்று ஊர்க்காரர்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். கட்டிய செகிசுயி ஹவுஸ் நிறுவனம் தானாகவே இடித்துவிட முடிவு செய்தது, எந்த நீதிமன்றமும் சொல்லாமலே. அதே ஊரில் முன்பு 14 மாடிக் கட்டிடம் ஒன்றின் மேல்பகுதியை இடிக்கச் சொல்லி 2002-ல் வந்த தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்கவில்லை. ஆனால் 2006-ல் உச்ச நீதிமன்றம், நகரக் காட்சியின் பயன் சட்டம் காக்க வேண்டிய ஒரு நலன் என்று பதிவு செய்தது. முந்தின வழக்கில் தோற்றும் அந்த ஊர் ஓயவில்லை.

ஆட்சேபத்துக்கான கெடு முடிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. இனி?

மூன்று வேலைகள் உடனே செய்யலாம். முதலில், கெடு எப்படி அறிவிக்கப்பட்டது என்று கேட்டு எழுதுங்கள். அறிவிப்பை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கவில்லை என்றால் அதுவே ஒரு காரணம். இரண்டாவது, அனுமதியோடு வரும் நிபந்தனைகளின் நகலை வாங்குங்கள்: வேலை நேரம், லாரி போகும் பாதை, தூசிக்குத் தண்ணீர் தெளிப்பது, இரவில் கான்கிரீட் போடலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும், மீறினால் நாள் குறித்துப் புகார் கொடுக்கலாம்.

மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது. பைல் இறக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே உங்கள் வீட்டின் எல்லாச் சுவர்களையும், கூரை மூலைகளையும், காம்பவுண்டுச் சுவரையும் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருக்கிற விரிசல்களின் மேல் ஓர் அளவுகோலை வைத்து, தேதி தெரியும்படி எடுங்கள். கட்டுமான நிறுவனமும் அதிகாரபூர்வமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், அவர்கள் ஆள் வரும்போது நீங்களும் கூடவே நடந்து, அவர் குறிக்கும் தாளில் ஒரு நகலை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சுவரில் புதுக் கோடு விழுந்தால் "அது முன்பே இருந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.